கம்பெனிக் குழாய்

கம்பெனிக்கு நான் நாற்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். என் மகள் தேன்மதி பிறந்தபோது, நுரையீரலிலிருந்து இதயத்தின் இடப்பக்கம் சேர வேண்டிய ரத்தக்குழாய் தவறி வலப்பக்கம் சேர்ந்திருந்தது. அதைத் திருப்பிவிட உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரிதான். அதன்மேல் அவள் சதை வளர வளர, குழாய் கரைந்துகொண்டே வரும். துளி மிச்சம் இருக்கும்வரை கம்பெனிக்கு மாத வாடகை.

கலவைச் சட்டி தூக்கித் தூக்கி என் முழங்கால் போனது. வேலை குறைந்து பாக்கி ஏறியது. இந்த முறை கட்டாவிட்டால் கூலியில் பாதியைப் பிடிப்போம் என்றார்கள்.

"வாடகைச் சாமான்டி, குதிச்சு நசுக்கிடாத" என்று கல்யாணப் பாத்திரத்துக்குச் சொல்வதுபோல என் மனைவி அவளை வளர்த்தாள். ஆறு வயதாகியும் பிள்ளை ஓடினதில்லை.

நேற்று வசூலுக்கு வந்த கம்பெனி ஆள் ரூபன் மகளின் மார்பில் கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தான்.

"குழாயைக் காணோமே" என்றான்.

தேன்மதி அழுதுவிட்டாள். "நான் தொலைக்கல மாமா! குதிக்கக்கூட இல்ல. அப்பாவைத் திட்டாதீங்க."

அவன் அவள் முன்னால் குந்தினான். "தொலையல பாப்பா. எல்லாம் உன் சதையா ஆயிடுச்சு. இனி அது உன்னோடது."

"அப்ப பாக்கி, தம்பி?" என்றேன்.

"சாமானே இல்லாம எதுக்குண்ணே வசூல் பண்றது? குழாய் கரைஞ்சு முடிஞ்சா விதிப்படி பழைய பாக்கியும் தள்ளுபடிதான்."

கணக்கை அழித்து என்னிடம் காட்டிவிட்டுக் கிளம்பினான். திரும்பக் கேட்டுவிடுவானோ என்று, அவன் தெருமுனை தாண்டும்வரை தேன்மதி இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றாள்.