அளவுக்கு ஓர் ஆள்

காட்டுத்தீ அணைந்து மூன்று நாளாகியும் சரிவில் கால் வைத்தால் சாம்பல் கணுக்கால்வரை ஏறுகிறது. கரிந்த மரங்களுக்கு நடுவே வெயில் மறைப்பில்லாமல் விழுகிறது. "இடி விழுந்து பத்திக்கிச்சு. அறிக்கைக்கு நாலு படம் போதும்மா," என்கிறார் மின்துறை அதிகாரி புகைப்படக்காரியிடம், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. மரக்கிளை மின்கம்பியில் உரசுகிறதென்று அவள் அண்ணன் மூன்று முறை எழுதிக் கொடுத்தது இவரிடம்தான். மூன்றும் கிணற்றில் போட்ட கல். அண்ணன் இப்போது தீக்காய வார்டில் கிடக்கிறான். அவன் வீட்டில் ஒரு சுவர்தான் மிச்சம். தான் அவன் தங்கை என்று அவள் அதிகாரியிடம் காட்டிக்கொள்ளவில்லை. கேமராவின் முக்காலியைச் சாம்பலில் அழுத்தி ஊன்றுகிறாள். "சார், மரத்தோட உயரம் தெரியணும்னா பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். நீங்களே நின்னா எடுப்பா இருக்கும்." அவருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. கைக்குட்டையை மடித்து வைத்து, சட்டையை நீவிக்கொண்டு, அவள் காட்டிய இடத்தில் போய் நிமிர்ந்து நிற்கிறார். அறுந்து கிடக்கும் கம்பி, அதில் கரிந்து ஒட்டிய கிளை, பின்னால் அண்ணன் வீட்டுச் சுவர், நடுவில் அவர் முகம். எல்லாம் துல்லியமாக விழுகின்றன. "கொஞ்சம் சிரிங்க சார், ஊரே பாக்கப்போற படம்." அவர் பல் தெரியச் சிரிக்கிறார்.