எல்லோருக்கும் நிறுத்தம்

மூன்று வார்த்தை பாடுவதற்குள் பாட்டில் மறுபடியும் ஒரு நிறுத்தம் எழுதியிருந்தது. பாடகர் குழுவை நடத்துகிறவளுக்குப் பொறுமை போய்விட்டது.

கையைக் கீழே போட்டாள். அடுத்த பாட்டுக்கு வாயைத் திறக்காமல் வந்து நின்றுவிட்டுப் போனாலே போதும் போலிருக்கிறது என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளரும் சேர்ந்து சிரித்தார்.

மனுஷர் எழுதுவது பிரார்த்தனைப் பாடல் மட்டும்தான். ஒரு காலத்தில் அருவி மாதிரி கொட்டியவர். வருஷத்துக்கு வருஷம் ஸ்வரங்கள் குறைந்து, இப்போது பாட்டில் பாதி மௌனம். கடவுள் வந்து உட்கார இடம் விடுகிறார் என்று பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடின. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பாடுகிறவர்களுக்கல்லவா தெரியும் அவஸ்தை. வாயைத் திறப்பதற்குள் மூடவேண்டும். இப்படியே இருந்தால் இந்தப் பாட்டை மேடையேற்ற வரமாட்டோம் என்று பாதிப் பேர் அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அவரிடம் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டாள். நிறுத்தங்களை எடுத்துவிட்டு வரிகளைச் சேர்த்துவிடலாமே? எல்லாக் குழுக்களும் செய்வதுதான். மூச்சு முட்டுகிறவர் பாடுவதைச் சத்தமில்லாமல் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு சேர்ந்துகொள்ளட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் பாடிக்கொண்டுதானே இருப்பார்கள்? ஒருத்தர் நின்றது யாருக்குத் தெரியப்போகிறது?

“அவளுக்குத் தெரியும்மா,” என்றார் அவர்.

எவளுக்கு என்று கேட்க வாயெடுத்தவள், அவர் பார்த்த பக்கம் பார்த்தாள்.

இரண்டாம் வரிசையில் அவருடைய மனைவி. ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிடாதவர். நுரையீரலில் ஏதோ கோளாறு என்று எப்போதோ காதில் விழுந்தது; சரியாகிவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பெண் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே, தோள்கள் ஏறி இறங்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்வரங்கள் குறையத் தொடங்கியதிலிருந்து இசையமைப்பாளர் எழுதிய அத்தனை பாட்டுகளும் அவள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்றில்கூட அந்த அம்மா மட்டும் தனியாக நிற்கவேண்டி வந்ததில்லை. நின்றால் எல்லோரும்தான் நின்றார்கள்.

தன் இடத்துக்குத் திரும்பிப் போய்க் கையை உயர்த்தினாள்.

“முதல்ல இருந்து பாடலாம். நிறுத்தத்துல யாரும் அவசரப்படாதீங்க.”

பாடினார்கள். நிறுத்தம் வந்தது. இரண்டாம் வரிசையில் தோள்கள் அடங்கும்வரை அவள் அடுத்த வரிக்குக் கையை இறக்கவில்லை.