அம்மா வழி

“எட்டு மாசம் வரைக்கும் பேண்டேஜ் கம்பெனிக்குப் போனா டாக்டரம்மா. அந்த பிளீச்சிங் நெடி வயித்துப் புள்ளைக்கு ஆகுமா? சொன்னாக் கேக்கணும்லா.”

கல்பனா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏழு மாத மகன். குடித்த பால் தங்குவதில்லை, தோலெல்லாம் செதில்.

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து மாமியார் வெள்ளத்தாய் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்பனாவும் அப்படித்தான் நம்பினாள். பிள்ளை அழும்போதெல்லாம் தன் கையில் அந்த நெடி அடிப்பதுபோல் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் குழந்தை டாக்டர் அமிர்தவல்லி ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“கம்பெனி காரணமில்லம்மா. கிருமியோட சண்டை போடுற செல்கள் நம்ம உடம்புல இருக்கு. அதுகளை அடக்கி வைக்கவும் தனியா செல்கள் உண்டு. அந்த அடக்குற செல்லுக்குள்ள எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு சொல்றது ஒரு புரதம். இவனுக்கு அது சரியா உருவாகல. அடக்க ஆளில்லாம, உடம்பு தன் குடலையே தாக்குது.”

“எதனால டாக்டர்?”

“அம்மா வழியா வர்றது. பொண்ணுங்களை ஒண்ணும் செய்யாது, ஆம்பளப் புள்ளைங்களைத்தான் படுத்தும். உங்க ரத்தத்துலயும் இருக்கு.”

“பாத்தியா, ஒங்கிட்ட இருந்துதான் வந்துருக்கு” என்றாள் வெள்ளத்தாய்.

கம்பெனியால் வந்தது என்று இருந்ததே தேவலை என்று கல்பனாவுக்குத் தோன்றியது.

“உங்க அம்மாகூடப் பிறந்த ஆம்பளப் புள்ளைங்க யாராவது கைக்குழந்தையிலேயே தவறியிருக்காங்களா?”

“ரெண்டு பேரு.”

வெள்ளத்தாய் குனிந்து பிள்ளையின் செதில் தோலைத் தடவினாள்.

“எலும்பு மஜ்ஜை மாத்தினா பிழைக்க வாய்ப்பிருக்கு. சென்னைக்கு எழுதித் தாரேன். குடும்பத்துல வேற எந்தப் பொண்ணுங்களுக்கு இது இருக்குன்னும் பாக்கணும். உங்க அம்மாவை வரச் சொல்லுங்க.”

“அம்மா இல்ல டாக்டர். நான் சின்னப் புள்ளையா இருக்கையிலேயே போயிட்டாவ.”

“சரி, அம்மாவோட அம்மா? அவங்க இருக்காங்களா?”

கல்பனா பிள்ளையின் துண்டைச் சரிசெய்தாள். மறுபடி செய்தாள்.

வெள்ளத்தாய் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, கையை டாக்டரின் மேசைமேல் நீட்டினாள்.

“எடுங்க தாயி. இவ அம்மாவப் பெத்தவ நான்தான்.”