அம்மா கேட்ட சம்மதம்

"பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்ட்டு வர்ற மாதிரி பேசாதம்மா. ஒரு வருஷம். தனியா. அதுவும் வெளிநாடு."

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போனிலேயே தெரிந்தது. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அறுந்துபோன பையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

வாராவாரம் நடக்கும் சண்டைதான். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கே அம்மா தன் ஆசையைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே அவனும் முடியாது என்று சொல்லிவிட்டான். அவனுக்கு வேறு ஊரில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. விபத்து நடந்த இடத்துக்குப் போய் நஷ்டத்தை மதிப்பிட வேண்டும். பத்து வருஷமாக அதையே பார்த்துப் பார்த்து, ஒரு மாடிப்படியைக் கண்டால்கூட அதில் யாரோ உருண்டு விழுவதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

அவனை மீறிப் போக அம்மாவுக்குக் கால் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது. ஆனால் இருப்பது ஒரே பிள்ளை. அவன் வாயால் 'போய்ட்டு வா' என்று ஒரு வார்த்தை வராவிட்டால் எந்த ஊரைப் பார்த்தாலும் அவளுக்கு இனிக்காது. இன்றைக்கு அந்த வார்த்தையை வாங்காமல் போனை வைப்பதில்லை என்று இருந்தாள்.

கேமரா உடைந்த போனை இன்னும் மாற்றாமல் இருக்கிறாளே, முகத்தையாவது பார்க்கலாமில்லையா என்று முதலில் குறைப்பட்டுக்கொண்டான். பிறகு உடம்புக்கு வந்தான். போன இடத்தில் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனால் என்ன செய்வாள்? மாத்திரையின் மேல் இருக்கும் பெயர்தான் நாட்டுக்கு நாடு மாறும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மாறாது, அதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்றாள். நர்ஸிடம் போய் மருந்தைப் பற்றிக் கேட்டோமே என்று நொந்துகொண்டு, துணிமணிக்குத் தாவினான்.

மூன்று செட் போதுமாம். துவைத்ததும் டவலுக்குள் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி நன்றாக மிதித்துவிட்டுக் காயப்போட்டால் காலையில் உடுத்திக்கொள்ளலாமாம். அம்மா சொன்னதைக் கேட்டு மருமகள் பின்னால் சிரிப்பது கேட்டது.

"சரி, ஒரு வருஷம் உன்னால அலைய முடியுமா? மூட்டு தாங்குமா?"

"ஊர் ஊரா ஓடினா எந்த மூட்டும் தாங்காது. ஒரு ஊர்ல ஒரு மாசமாவது உட்காரணும்டா. மாச வாடகைன்னா ரூமும் சல்லிசு. வாரத்துல ஒரு நாள் எதையும் பார்க்கப் போகக் கூடாது. காலை நீட்டிப் படுத்துடணும்."

"பேச்சுத்துணைக்கு யாரு இருப்பா?"

அம்மாவின் கையில் ஊசி நின்றது.

"சாயங்காலம் ஆனா கஷ்டமாத்தான் இருக்கும். ரூமுக்குள்ளயே இருந்தா அழுகை வரும். அதனால காய்கறிக் கடைக்குப் போயிடணும். விலை கேட்டுக் கேட்டே அவங்க பாஷையில நாலு வார்த்தை வந்துடும். நாலு முகமும் பழகிடும்."

மகன், இதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான். தன்னைப் போலவே ஓய்வு பெற்ற ஒருத்தி என்றாள் அம்மா. அவளுடைய பிள்ளையும் அவனை மாதிரிதானாம்.

"பாவம் அந்தப் பையன்" என்றான் மகன்.

இந்த இடத்தில் மருமகள் புகுந்தாள். "அத்தை எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டாங்க. உங்களுக்குத்தான் கேள்வி தீர்ந்துபோச்சு."

அவன் பெருமூச்சு விட்டான். "எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரே வராந்தாவுல நடந்தேன்டா. எனக்கு வேற தெருவைப் பார்க்கணும். வேற ஒரு காரணமும் இல்ல."

அழாமல்தான் சொன்னாள். அந்த வராந்தாவின் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளை அவன்.

"சரிம்மா. போய்ட்டு வா."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம். துடைத்துக்கொண்டு, "கண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லாத. இனிமே எல்லாம் என் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை காலையில நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றோம். டிக்கெட் நான் போடறேன், பையை நானே அடுக்கறேன், ஏர்போர்ட்டுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். என் கையால ஏத்தி விட்டாத்தான் எனக்கு நிம்மதி. அது வரைக்கும் வீட்டை விட்டு எங்கயும் போயிடாத."

அவன் குரலில் இத்தனை சந்தோஷத்தைக் கேட்டு அம்மாவுக்கு வெகு நாளாகியிருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். "வாப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போய், விடுதியின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் அந்த நாட்டு மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்:

"ரூமைக் காலி பண்றேன்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் எங்க நாட்டுக்குப் போயாகணும். என் பையன் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பி வைக்க வர்றான்."