பதினெட்டுக் கட்டங்கள்

அமாவாசை அன்று அக்காவின் காதில் சொன்னாளா, இல்லையா?

தங்கைக்காரிக்கு நிச்சயமாக நினைவில்லை. அக்காவுக்குத் தலை வாரிவிட்டது நினைவிருக்கிறது. சீப்பில் வந்த நரைமுடியைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டது நினைவிருக்கிறது. நாளைக்குக் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது என்று வாய்விட்டுச் சொன்னாளா, மனதுக்குள் நினைத்தாளா என்பதுதான் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு இன்றுதான் வருகிறாள். வாரத்தில் ஒருநாள்தான் வரலாம் என்பது நீதிமன்றம் சொன்னது.

லண்டன் பராமரிப்பு இல்லத்தின் பதினோராம் அறை. கதவுக்குப் பின்னால் தொங்கிய சாப்பாட்டுப் பதிவுக் கோப்பை எடுத்து, நின்றபடியே பார்க்கிறாள்.

ஒரு நாளுக்கு மூன்று கட்டங்கள். காலை, மதியம், இரவு.

ஆறு நாளுக்குப் பதினெட்டு.

பதினெட்டிலும் ஒரே சொல். மறுத்தார்.

இரவுக் கட்டங்களில் மட்டும், அடியில் சிறிதாக: அரைக் குவளை பால் குடித்தார்.

கட்டிலில் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறாள்.

போன வருடம் வீட்டில் நடந்ததும் இதுதான். அக்கா நாற்பத்தொரு வருடமாகப் பிடித்த விரதம், ஆறு நாளும் இரவில் பால் மட்டும். ஆட்களின் பெயர்களெல்லாம் மறந்துபோன பிறகும், ஐப்பசி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். தங்கைக்காரி ஒருநாளும் விரதம் இருந்தவள் அல்ல. வேலை, பஸ், பசி என்று ஓடியவள். ஆனாலும் அக்காவின் உதட்டில் கரண்டியை வைத்து அழுத்த அவளுக்குக் கை வரவில்லை.

ஏழாம் நாள், விரதம் முடிக்கும் பாரணைச் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தபோது, வீடு வந்து பார்க்கும் தாதி வந்தாள். அக்காவை நிறுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டுக் கிலோ.

பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று தாதி உள்ளூர்க் கவுன்சிலுக்கு எழுதினாள். கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போனது.

யார் தொடங்கியது என்று அங்கே கேட்டார்கள். சஷ்டி வருகிறது என்று நீங்கள் சொன்னீர்களா, அவராகவே அறிந்தாரா?

"சரியா ஞாபகமில்லை" என்றாள்.

அது உண்மை. தீர்ப்பில் அதற்கென்று ஒரு பத்தி இருந்தது. அக்கா இந்த அறைக்கு வந்தாள்.

விரதம் என்றால் என்ன என்று கவுன்சிலில் இருந்து ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் அவள், கவுன்சில்களை விசாரிக்கும் குறைகேள் அலுவலகத்துக்கு முறைப்பாடாக எழுதினாள். பதில் வர எட்டு மாதம். தமிழர் நிலையத்தில் உதவிக்கு இருக்கும் தர்ஷிகா அதை வாசித்துச் சொன்னாள்.

"அன்ரி, கவுன்சிலில பிழை இருந்தாலும் இனி அதைக் கிளறேலாதாம். கோட்டுக்குப் போன விசயத்தை அவையள் தொடமாட்டினம்."

"அப்ப நான் ஆரிட்டச் சொல்லுறது?"

தர்ஷிகா இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். நேரம் எடுத்து வாசித்தாள்.

"தீர்ப்புக்குப் பிறகு ஹோமில ஏதும் நடந்தா அது வேற. அதுக்குக் குடுக்கலாம். விழுத்திப்போட்டா, சாப்பாடு குடுக்காமல் விட்டா, அப்பிடி ஏதும். பெரிசா ஒண்டு கிடைச்சா அக்காவைத் திருப்பி வீட்டை அனுப்பச் சொல்லியும் கேக்கலாம். ஒரு கண் வச்சிருங்கோ."

நிரப்பாத படிவம் ஒன்றை மடித்துக் கொடுத்தாள். அது இப்போதும் கைப்பைக்குள் இருக்கிறது.

கதவடியில் பராமரிப்புக்காரி குளோரியா வந்து நிற்கிறாள். ஆறு நாளும் கெஞ்சிப் பார்த்தேன் என்கிறாள் ஆங்கிலத்தில். இன்று சாப்பிடுவார், நாளை சாப்பிடுவார் என்று இருந்துவிட்டேன். மேலதிகாரிகளிடம் சொல்லவில்லை.

குளோரியாவின் கண் கோப்பிலேயே இருக்கிறது.

ஒரு படம் எடுத்தால் போதும். கைபேசி கையில்தான் இருக்கிறது. பதினெட்டுக் கட்டங்களும் ஒரே பக்கத்தில் அடங்கும்.

அக்கா வீட்டுக்கு வரக்கூடும்.

படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். தாதி எழுதிய அதே சொல். பட்டினி.

அதை அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த ஐப்பசியில் அக்கா எங்கே இருந்தாலும் வாயைத் திறக்கவைப்பார்கள்.

நடைபாதையில் யாரோ தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

கட்டிலில் அக்கா புரண்டு படுக்கிறாள்.

"சூரன்போர் முடிஞ்சுதே?"

விரதத்தின் கடைசி நாளைக் கேட்கிறாள். அக்கா இப்படி ஒரு முழு வசனம் பேசி இரண்டு வருடம் இருக்கும்.

"ஓம் அக்கா. நேற்று முடிஞ்சுது."

"பிறகென்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சோத்தைக் கொண்டா."

வாராவாரம் கொண்டுவரும் சோற்றுப்பெட்டி பையில் இருந்தது. பதிவுக் கோப்பைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள். பெட்டியைத் திறந்து, சோற்றில் பருப்பைப் பிசைந்து, கையாலேயே ஊட்டினாள். அக்கா ஏழு வாய் சாப்பிட்டாள். எட்டாவதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

குளோரியா பத்தொன்பதாம் கட்டத்தில் எழுதினாள்: சாப்பிட்டார்.

படிவம் நிரப்பப்படவில்லை. ஏன் அன்ரி ஒண்டும் குடுக்கேல்லை என்று தர்ஷிகா ஒருமுறை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. குளோரியா அங்கேயே வேலையில் இருக்கிறாள். அக்கா மாசியில், அதே அறையில், ஒரு காலை நேரத்தில் காலமானாள்.

அடுத்த ஐப்பசியில் ஆறு நாள் தங்கைக்காரியின் வீட்டில் உலை வைக்கவில்லை.

அதை யாரும் எழுதிவைக்கவில்லை.