அவசர எண்

“அக்கா, பிள்ளகிட்ட போனக் கொஞ்சம் குடுங்கலா. ஒரு வார்த்த பேசட்டும், போதும்.”

கூலிம் நகரத் தொழிற்சாலையிலிருந்து சுகுமாரன் கெஞ்சினான்.

பிரேமாவதிக்குத் தொண்டை கட்டிவிட்டது. காலையிலிருந்து இவன் முப்பத்தோராவது ஆள்.

“பிள்ள பத்திரமா இருக்கு தம்பி. நேரமில்ல. இன்னும் ஏழு பேருக்குப் போன் அடிக்கணும்.”

வைத்துவிட்டாள்.

பாலிங் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவள் கிராணி, அலுவலக எழுத்து வேலை. ஒன்பது மணிக்கெல்லாம் ஆற்று வெள்ளம் பள்ளித் திடலுக்குள் ஏறிவிட்டது. ஆசிரியர்கள் பிள்ளைகளை மேட்டிலிருக்கும் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார்கள். பெற்றோருக்குச் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. மின்சாரத்தோடு கைப்பேசி லைனும் போய்விட, மிஞ்சியது அலுவலகத்தின் பழைய மேசைத் தொலைபேசி ஒன்றுதான்.

அதுவும் லேசுப்பட்ட வேலையா? ஷிப்ட் தொடங்கினால் தொழிற்சாலைக்காரர்களின் கைப்பேசி லாக்கருக்குள் போய்விடும். வாசல் காவல் கூண்டுக்கு அடித்து, சூப்பர்வைசரைப் பிடித்து, ஆளை வரவழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

போனுக்கு வந்தவர்களும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமாம்.

முதல் மூன்று பேருக்கு அவளே மழையில் மேடேறிப் பிள்ளையைக் கூட்டி வந்தாள். பிறகு கால் ஓய்ந்தது, மனசும் மரத்துப்போனது. சொன்னால் நம்பமாட்டார்களா என்ற எரிச்சல்தான் மிச்சம்.

அவள் மகள் காஞ்சனா டவுன் இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம் படிக்கிறாள், பதின்மூன்று வயது. அதுவும் ஆற்றோரப் பள்ளிதான். ஏதாவது என்றால் கூப்பிட மாட்டார்களா என்று தன்னையே தேற்றிக்கொண்டு அடுத்த எண்ணைச் சுழற்றினாள்.

பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பெயருக்கும் சரி போட்டு ரிசீவரை வைத்தாள். கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

“காஞ்சனா அம்மாங்களா? நான் டீச்சர் ஜேன். ஒம்பது மணியிலேர்ந்து அடிக்கிறேன், உங்க லைன் கெடைக்கவே இல்ல.”

மகளைப் பள்ளியில் சேர்த்தபோது நிரப்பிய பாரத்தில் அவசர எண் என்ற கட்டத்தில் இந்த எண்ணைத்தான் அவள் எழுதியிருந்தாள். தோட்டத்துக்குள் கைப்பேசியை நம்ப முடியாது, ஆபீஸ் போன் என்றால் தானே எடுக்கலாம் என்று.

“பிள்ள பத்திரமா இருக்கு. மாடியில வச்சிருக்கோம். தண்ணி வடிஞ்சதும் சொல்றோம்.”

காலையிலிருந்து அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். அவற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

“டீச்சர், அவ குரல மட்டும் கொஞ்சம்...”

“நேரமில்லம்மா. இன்னும் பதினேழு பேருக்கு அடிக்கணும்.” ஜேனுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

லைன் அறுந்தது. பிரேமாவதி மேசையில் தலைவைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூலிம் காவல் கூண்டுக்கு அடித்தாள்.

“சுகுமாரனக் கூப்பிடுங்க. நான் வர்ற வரைக்கும் வைக்க வேணாம்னு சொல்லுங்க.”

ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, அவன் மகளைக் கூட்டி வர மழையில் இறங்கினாள்.