ஆமெனின் வால்

ஆஸ்பத்திரியிலிருந்து அரை நுரையீரலோடு திரும்பிய மனைவி மதலேன் மறுபடி பூசையில் பாடவேண்டும் என்பதற்காக, மாதா கோயில் பாடகர் குழுத் தலைவர் சந்தியாகு உலகத்து மெட்டையெல்லாம் சல்லடை போட்டுத் தேடினார். கடைசியில் மிலான் நகரத்து அம்புரோசிய மெட்டு ஒன்று அகப்பட்டது. ஐந்தாறு சுரத்துக்குள் அடக்கமாக நடக்கிற மெட்டு. பூசையில் பாடும் வானவர் கீதத்தின் தமிழ் வார்த்தைகள் அதில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தன. ஆனால் முடிவில் வரும் ஆமெனுக்கு ஒரு வால் இருந்தது. மணப்பாட்டில் மூச்சைப் பிடித்தால் தூத்துக்குடியில்தான் விடமுடியும். சந்தியாகு அதைச் சத்தமில்லாமல் நறுக்கிவிட்டார்.

மூலத்தாளை எடுத்துப் பார்த்த மதலேன் கேட்டாள்: "வால் எங்க?"

"ஏட்டி, அது சும்மா இழுவை. நமக்கு எதுக்கு?"

"மூச்சு என்னுது. நீங்க என்னத்துக்கு மிச்சம் பிடிக்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமை வாலோடு வந்த ஆமெனில் குழுவினர் ஒவ்வொருவராக மூச்சுமுட்டி நிறுத்திவிட்டார்கள். மதலேன் மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். பங்குச் சாமியார் விரித்த கையோடு காத்து நின்றார். கோபுரத்துப் புறாக்களுக்கு வயதாகிவிட்டது. ஆர்மோனியக் கட்டைகளை எப்போதோ விட்டுவிட்ட சந்தியாகு, இரண்டு கையாலும் துருத்தியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.